இசையில் காமெடிக்கு இடம் உண்டா? மேடையிலேயே பதில் சொன்ன ஃபிராங்க் ஸாப்பா!

பின்லாந்து தலைநகர் ஹெல்சிங்கி. 1974-ம் வருடம், செப்டம்பர் மாதம். மேடையில் அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவும் அவரது பேண்டும் அடுத்த பாட்டுக்குத் தயாராகிறார்கள். அந்த இடைவெளியில் கூட்டத்திலிருந்து ஒரு ரசிகர் உரக்கக் கத்துகிறார்: 'விப்பிங் போஸ்ட்!'

அது ஸாப்பாவின் பாட்டே இல்லை. ஆல்மன் பிரதர்ஸ் என்ற இன்னொரு பேண்டின் பாட்டு. வேறு யாராவது என்றால் காதில் விழாததுபோல அடுத்த பாட்டுக்குப் போயிருப்பார்கள். ஸாப்பா நிறுத்தினார். அந்தப் பாட்டு எங்களுக்குத் தெரியாது, கொஞ்சம் பாடிக் காட்டுங்களேன் என்று அந்த ரசிகரிடமே மைக்கில் கேட்டார். ரசிகர் ஏதோ ஊளையிட்டார். நீங்கள் பாடியதைப் பார்த்தால் இதை ஜான் கேஜ் எழுதியிருப்பார் போலிருக்கிறதே என்றார் ஸாப்பா. ஜான் கேஜ், நான்கரை நிமிடம் எதையுமே வாசிக்காமல் சும்மா இருப்பதையும் ஓர் இசைப்படைப்பாக அறிவித்த இசையமைப்பாளர். அரங்கமே சிரித்தது.

கதை அங்கே முடியவில்லை. அடுத்து 'மொன்டானா' பாட்டு ஆரம்பித்தது. பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் பயிராக வளர்த்துப் பணக்காரனாகப்போகும் ஒருவனின் கதை அது. அந்த ரசிகர் கேட்ட பாட்டின் பெயரை, அந்த நிமிடமே தன் பாட்டின் வரிகளுக்குள் நுழைத்துப் பாடினார் ஸாப்பா. பேண்டும் சளைக்காமல் கூடவே வந்தது.

இது நடந்து 50 வருடங்கள் தாண்டிவிட்டன. ஆனால், இன்றைக்கும் ஹெட்போன் மாட்டினால் அந்த ரசிகரின் குரல் கேட்கும். காரணம், ஸாப்பா தன் கச்சேரிகளை விடாமல் பதிவு செய்துவந்தார். அந்த டேப்புகள்தான் இந்த வாரம் நாம் கேட்கப்போவது.

அம்மாக்களின் பேண்ட்!

ஸாப்பா 1940-ல் பால்டிமோரில் பிறந்தவர். அவரது பேண்டின் பெயரிலேயே ஒரு காமெடி இருக்கிறது. முதலில் அது 'தி மதர்ஸ்'. அந்தச் சொல்லுக்கு அமெரிக்க வழக்கில் ஒரு கெட்ட அர்த்தமும் உண்டு என்று ரெக்கார்டு கம்பெனி முகம் சுளித்தது. 'தேவையே கண்டுபிடிப்பின் தாய்' என்ற பழமொழி ஆங்கிலத்தில் இருக்கிறதல்லவா? அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒட்டி, 'தி மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன்' ஆக்கினார்கள். கட்டாயத்தில் பிறந்த பெயர்தான். ஆனாலும் பொருத்தமாக அமைந்துவிட்டது.

1966-ல் வந்த இவர்களின் முதல் ஆல்பமான 'ஃப்ரீக் அவுட்', ராக் இசையின் ஆரம்பகால இரட்டை ஆல்பங்களில் ஒன்று. 1967-ல் நியூயார்க்கின் கேரிக் தியேட்டரில் மாதக்கணக்கில் தொடர்ந்து நிகழ்ச்சி நடத்தினார்கள். மேடையில் ஒரு பொம்மை ஒட்டகச்சிவிங்கி நிற்கும். திடீரென அதிலிருந்து ரசிகர்கள் மீது க்ரீம் பீய்ச்சி அடிக்கும். கச்சேரி பார்க்க வந்தவர்கள் சட்டையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அப்படிப் பார்க்க வந்தவர்களில் ஒருவர் ரூத் அண்டர்வுட். புகழ்பெற்ற ஜூலியார்ட் இசைப்பள்ளியில் மேற்கத்திய செவ்வியல் தாளவாத்தியம் படித்துக்கொண்டிருந்த மாணவி. அந்த கலாட்டாவுக்கு அடியில் எவ்வளவு கஷ்டமான இசை ஓடுகிறது என்பது அவருக்குப் புரிந்தது. பின்னாளில் ஸாப்பாவின் பேண்டிலேயே சேர்ந்தார். ஹெல்சிங்கி கச்சேரியில் மரிம்பாவில் மின்னல் வேகத்தில் ஓடுவது அவரது கைகள்தான்.

ரூத் அன்று கண்டுகொண்டதுதான் இந்த டேப்புகளை ரசிப்பதற்கான சாவி. மேலே சிரிப்பு, கீழே கண்டிப்பான ஒத்திகை. இரண்டில் ஒன்றை மட்டும் கேட்டால் பாதிதான் கேட்கிறோம்.

லண்டன் ஆர்கனில் குத்துப்பாட்டு

1967 செப்டம்பரில் மதர்ஸ் லண்டனின் ராயல் ஆல்பர்ட் ஹாலில் வாசித்தார்கள். செவ்வியல் இசைக்குப் பேர்போன அந்த அரங்கத்தின் பிரமாண்ட ஆர்கனில் ஏறத்தாழ 10,000 குழாய்கள் இருக்கின்றன. பேண்டின் கீபோர்டு கலைஞர் டான் பிரெஸ்டன் அதில் ஏறி உட்கார்ந்தார். கம்பீரமான தேவாலய இசையை எதிர்பார்த்த நேரத்தில் அவர் வாசித்தது 'லூயி லூயி'. மூன்றே கார்டு தெரிந்தால் போதும், அமெரிக்காவில் எந்தக் கல்லூரி பேண்டும் வாசித்துவிடும் பார்ட்டி பாட்டு அது!

இந்தப் பதிவு 1969-ல் வந்த 'அங்கிள் மீட்' ஆல்பத்தில் இருக்கிறது. சில நிமிடங்கள்தான். ஆனால், அவ்வளவு பெரிய வாத்தியத்திலிருந்து அவ்வளவு எளிமையான பாட்டு கிளம்பும்போது சிரிப்பு தானாக வருகிறது. வார்த்தையே இல்லாத ஜோக் இது. ஸ்டூடியோவில் இதைச் செய்திருந்தால் யாருக்கும் சிரிப்பு வந்திருக்காது. அந்த இடம்தான் ஜோக்கின் பாதி.

மலைக்கு வந்த செக்

ஒரு மலை. அதன் பெயர் பில்லி. அதன் தோளில் முளைத்த மரம்தான் அதன் மனைவி, பெயர் எத்தெல். இத்தனை வருடங்களாக எத்தனையோ போஸ்ட்கார்டு படங்களுக்கு போஸ் கொடுத்ததற்காக மலைக்கு ஒருநாள் ராயல்டி செக் வருகிறது. உடனே மலையும் மரமும் டூர் கிளம்புகின்றன. மலை நகர்ந்தால் வழியில் உள்ள ஊர்கள் என்னாகும்?

'பில்லி தி மவுன்டன்' என்ற இந்தப் பாட்டுக்கதை, 1971 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழக அரங்கம் ஒன்றில் பதிவாகி, அடுத்த வருடம் 'ஜஸ்ட் அனதர் பேண்ட் ஃப்ரம் எல்.ஏ.' ஆல்பத்தில் வந்தது. 20 நிமிடங்களுக்கு மேல் ஓடும். 'தி டர்டில்ஸ்' என்ற ஹிட் பேண்டில் பாடிக்கொண்டிருந்த மார்க் வோல்மனும் ஹோவர்ட் கேலனும் இதில் பாடுகிறார்கள், நடிக்கிறார்கள், குரலை மாற்றி மாற்றிக் கதை சொல்கிறார்கள்.

இதில் ரசிக்கவேண்டிய விஷயம், எந்த ஊரில் வாசித்தாலும் அந்த ஊர் தெருப்பெயர்களும் கடைப்பெயர்களும் கதைக்குள் நுழைந்துவிடும். தன் ஊர்ப் பெயரைக் கேட்டதும் கூட்டம் ஆரவாரம் செய்வது பதிவுகளில் கேட்கிறது. ஒரே கதைக்குப் பல ஊர்ப் பதிப்புகள்.

இதே வேலை ஹெல்சிங்கியிலும் நடந்தது. பின்லாந்து மக்கள் உருகிக் கேட்கும் 'சடுமா' என்ற டேங்கோ பாட்டை, ஒரு வார்த்தை பின்னிஷ் தெரியாத அமெரிக்க பேண்ட் பின்னிஷ் மொழியிலேயே வாசித்துப் பாடியது. கிண்டலா, மரியாதையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும்தான்.

விரல் சுழன்றால் ரெக்கே!

ஸாப்பாவின் லைவ் பதிவுகளில் அடிக்கடி ஓர் ஆச்சர்யம் நடக்கும். வேகமாக ஓடும் ராக் பாட்டு, அரை நொடியில் சாவகாசமான ரெக்கே தாளத்துக்கு மாறும். நான்கு வரி கழித்து, எதுவுமே நடக்காததுபோல மீண்டும் ராக். எப்படி?

எல்லாம் கை சைகை. தலைக்குப் பக்கத்தில் சடை பின்னுவதுபோல ஸாப்பா விரலைச் சுழற்றினால், மொத்த பேண்டும் ரெக்கேவுக்கு மாற வேண்டும். இரண்டு கையாலும் அதையே செய்தால் ஸ்கா. ஹெவி மெட்டலுக்குத் தனி சைகை. எந்த வரியில் சைகை வரும் என்று யாருக்கும் தெரியாது. வாசிக்கிறவர்கள் எல்லோரும் ஒரு கண்ணை ஸாப்பா மீதே வைத்திருக்க வேண்டும்.

கூடவே 'ரகசிய வார்த்தை' விளையாட்டும் உண்டு. அன்றைக்கு பஸ்ஸிலோ, ஹோட்டலிலோ, சவுண்ட் செக்கிலோ நடந்த ஒரு வேடிக்கை அன்றைய வார்த்தையாகிவிடும். அன்று இரவு அந்த வார்த்தை எந்தப் பாட்டில் வேண்டுமானாலும், எந்த வரியில் வேண்டுமானாலும் எட்டிப்பார்க்கும். 1988-ல் அமெரிக்காவில் ஒரு பிரபல டி.வி. மதப் பிரசாரகர் பெரிய சர்ச்சையில் சிக்கினார். அந்த வாரங்களில் நடந்த கச்சேரிகளில் பழைய பாட்டுகள் எல்லாம் அவரைப் பற்றிய பாட்டுகளாக மாறின. வரிகள் மாறினாலும் தாளம் இம்மி பிசகவில்லை.

1984 டூரில் பாடகர் ஐக் வில்லிஸ், பழைய கவ்பாய் ஹீரோ 'லோன் ரேஞ்சர்' தன் குதிரையைக் கூப்பிடுவதுபோல பாட்டுக்கு நடுவே குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். பாடிக்கொண்டிருந்த ஸாப்பாவுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. வரியை விட்டுவிட்டுச் சிரிக்கிறார். வேறு யாராவது என்றால் அந்த டேப்பை ஒதுக்கியிருப்பார்கள். ஸாப்பா அதைத்தான் வெளியிடத் தேர்ந்தெடுத்தார்.

ரசிகர்களுக்கும் வேலை உண்டு

1973 டிசம்பரில் ஹாலிவுட்டின் ராக்ஸி கிளப்பில் நடந்த கச்சேரிகளிலிருந்து பெரும்பகுதி எடுத்து உருவான ஆல்பம் 'ராக்ஸி அண்ட் எல்ஸ்வேர்' (1974). ஸாப்பாவைப் புதிதாகக் கேட்பவர்களுக்கு ரசிகர்கள் வழக்கமாகக் கை காட்டும் ஆல்பங்களில் ஒன்று.

அதில் மலிவான பேய்ப்படங்கள் மீது தனக்கிருக்கும் காதலை ஸாப்பா விளக்குகிறார். கவிழ்த்துவைத்த ஐஸ்கிரீம் கோன் மாதிரி ஒரு ராட்சத பூதம். அது குகையிலிருந்து வெளியே வரும்போது, கீழே அதைத் தள்ளிக்கொண்டு வரும் மரக்கட்டை ஒரு கணம் கேமராவில் தெரிந்துவிடுகிறது. திரைக்கு வெளியே நின்று தள்ளுபவர்கள் அவசரமாகப் பின்வாங்குவதை அவர் வர்ணிக்கும் அழகே தனி. படம் எவ்வளவு மலிவோ அவ்வளவு நல்லது என்பது அவர் கட்சி. பேச்சு முடிந்ததும் தொடங்கும் இசையில் மலிவு என்ற பேச்சுக்கே இடமில்லை.

கடைசிப் பாட்டில் ரசிகர்களை மேடைக்கு அழைக்கிறார். கீபோர்டு கலைஞர் ஜார்ஜ் டியூக் கன்னாபின்னாவென்று ஸ்வரங்களைப் பாடுவார். தாளத்துக்கு ஆடக் கூடாது, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஓர் அசைவு கொடுக்க வேண்டும். ஆடுபவர்கள் திண்டாடுவதை நாம் பார்க்க முடியாது. கூட்டத்தின் சிரிப்பையும் ஸாப்பாவின் வர்ணனையையும் வைத்தே காட்சி மனதில் ஓடுகிறது.

இந்த ராக்ஸி நிகழ்ச்சியைப் படமாகவும் எடுத்தார்கள். ஆனால், படமும் ஒலியும் பொருந்தவில்லை. அந்தச் சிக்கலைத் தீர்த்து 'ராக்ஸி: தி மூவி' வெளிவந்தது 2015-ல்தான். ஸாப்பா அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

13-ல் கைதட்டச் சொன்னவர்... கூடவே ஒரு தமிழர்!

1978 அக்டோபர் 31, நியூயார்க்கின் பலேடியம் அரங்கம். ஹாலோவீன் இரவு என்றால் ஸாப்பா ரசிகர்களுக்குத் திருவிழா. விதவிதமான வேஷத்தில் வந்திருக்கிறார்கள். அந்த மேடையில் வயலினுடன் ஒருவர் நிற்கிறார். அவர் எல்.ஷங்கர்.

சென்னையில் பிறந்து, இளமைக்காலத்தை இலங்கையில் கழித்தவர். 'ஏழாவது மனிதன்', 'பேசும் படம்' ஆகியவற்றுக்கு இசையமைத்த எல்.வைத்தியநாதனும், வயலின் மேதை எல்.சுப்ரமணியமும் இவரது அண்ணன்கள். ஜான் மெக்லாக்லின், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் சேர்ந்து 'சக்தி' குழுவில் வாசித்து உலகப் புகழ் பெற்றவர்.

அன்று வாசித்த ஓர் உருப்படியின் பெயரே 'தர்ட்டீன்'. சுற்றுக்கு 13 எண்ணிக்கை. ராக் ரசிகர்களுக்கு நான்கு நான்காகத் தட்டித்தான் பழக்கம். 13-ல் எப்படிக் கைதட்டுவது என்று ஒரு வாத்தியார் மாதிரி ஸாப்பா அவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார். வேஷம் போட்ட கூட்டம் தட்டிப் பார்த்துத் தடுமாறுகிறது. நம் கர்னாடக இசையில் சங்கீர்ண ஜாதி திரிபுட தாளத்துக்கு 9, 2, 2 என்று மொத்தம் 13 அட்சரம். ஷங்கர் போன்றவருக்கு இது விரல் நுனிக் கணக்கு. அவர் அதன்மேல் சறுக்கி விளையாடுகிறார். பின்னாலேயே ஸாப்பாவின் கிட்டார் வருகிறது. 'யூ கான்ட் டூ தட் ஆன் ஸ்டேஜ் எனிமோர்' வரிசையின் 6-ம் தொகுப்பில் இதைக் கேட்கலாம்.

இந்த நட்பு மேடையோடு நிற்கவில்லை. 1979-ல் வந்த ஷங்கரின் 'டச் மீ தேர்' ஆல்பத்தைத் தயாரித்தவர் ஸாப்பாதான்.

திருடனிடமே திருடியவர்

இவ்வளவு சுவாரஸ்யமான கச்சேரிகள் என்றால் திருட்டுப் பதிவுகள் வராமல் இருக்குமா? கோட்டுக்குள் டேப் ரெக்கார்டரை ஒளித்துக்கொண்டு வந்து பதிவுசெய்து, இசைத்தட்டாக்கி விற்றார்கள். இதற்கு 'பூட்லெக்' என்று பெயர். கலைஞருக்கு ஒரு பைசா வராது.

1971-ல் வந்த 'ஃபில்மோர் ஈஸ்ட், ஜூன் 1971' ஆல்பத்தின் அட்டையைத் திருட்டுத் தட்டு மாதிரியே வடிவமைத்தார்கள். வெள்ளை அட்டை, அதன்மேல் பென்சிலில் கிறுக்கிய எழுத்து, அவ்வளவுதான். 1991-ல் இன்னொரு படி மேலே போனார் ஸாப்பா. சந்தையில் இருந்த 8 திருட்டு ஆல்பங்களை எடுத்து, மோசமான ஒலியை மாற்றாமல் அப்படியே, அதிகாரபூர்வமாக வெளியிட்டார். 'பீட் தி பூட்ஸ்' என்பது அந்தத் தொகுப்பின் பெயர். என் இசையைத் திருடினாயா, உன் திருட்டுத் தட்டை நான் எடுத்துக்கொள்கிறேன் என்ற கணக்கு!

அடுத்த வருடம் வந்த இரண்டாம் தொகுப்பில் இருக்கும் ஒரு பதிவைக் கேட்கும்போது மட்டும் சிரிப்பு வராது.

தீ... பிறகு ஒரு தள்ளு

1971 டிசம்பர் 4. சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ நகரில் ஏரிக்கரையில் இருக்கும் கேசினோ அரங்கம். கச்சேரியின் நடுவில் கூட்டத்தில் ஒருவர் சிக்னல் துப்பாக்கியால் சுட, கூரை பற்றிக்கொண்டது. இசை நிற்கிறது. பதற்றப்படாமல் வெளியேறும்படி ஸாப்பா சொல்கிறார். அதெல்லாம் அந்தத் திருட்டுப் பதிவில் இருக்கிறது. கட்டடம் முழுவதும் எரிந்தது. பேண்டின் வாத்தியங்கள் சாம்பலாயின. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. ஏரி மேல் புகை படர்வதைப் பார்த்த 'டீப் பர்பிள்' பேண்ட் எழுதிய பாட்டுதான் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்'. கிட்டார் பழகுபவர்கள் முதலில் வாசித்துப் பார்க்கும் அந்த நான்கு ஸ்வரங்களுக்குப் பின்னால் ஸாப்பாவின் கச்சேரி இருக்கிறது.

இரவல் வாத்தியங்களோடு லண்டன் போனார்கள். ஆறே நாளில் அடுத்த அடி. டிசம்பர் 10, ரெயின்போ தியேட்டர். நிகழ்ச்சி முடிந்து கூடுதல் பாட்டு பாடிய நேரத்தில், கூட்டத்திலிருந்து ஒருவர் மேடையேறி ஸாப்பாவைத் தள்ளிவிட்டார். பல அடி ஆழத்தில் இருந்த இசைக்குழுப் பள்ளத்தில் விழுந்தார். எலும்புகள் முறிந்தன. குரல்வளை நசுங்கியது. நீண்ட காலம் சக்கர நாற்காலியில் இருந்தார். குணமாகி வந்தபோது அவரது குரலே இறங்கியிருந்தது.

1971-க்கு முந்தைய பதிவு ஒன்றையும், ராக்ஸி பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ரசிகர்களுக்குப் பிடித்துப்போன அந்தக் கனத்த, குறும்பான கதைசொல்லிக் குரல் எந்த விலைக்கு வந்தது என்று புரியும்.

லைவ் என்றால் முழுக்க லைவா?

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஸாப்பாவின் டேப்புகளில் எது மேடை, எது ஸ்டூடியோ என்று பிரிப்பது சுலபமில்லை.

'ஷேக் யர்பூட்டி' (1979) ஆல்பத்தின் பல பாட்டுகளுக்கு அடித்தளம் லண்டன் மேடைப் பதிவுகள். மேலே ஸ்டூடியோவில் சேர்த்தவை. 'இன்கா ரோட்ஸ்' பாட்டின் கிட்டார் தனி ஆவர்த்தனம் ஹெல்சிங்கி மேடையில் வாசித்தது. அதை வெட்டி எடுத்து 1975 ஆல்பத்தின் பாட்டுக்குள் பதியம் போட்டார். 'ஜோஸ் கராஜ்' (1979) ஆல்பத்தில் பெரும்பாலான கிட்டார் தனிகள், வேறு ஊரில் வேறு பாட்டுக்காக வாசித்தவை. ஓர் ஊரின் கிட்டாரை இன்னோர் இடத்தின் தாளத்தோடு மோதவிட்டு, என்ன நடக்கிறது என்று பார்ப்பார்.

1988 முதல் 1992 வரை 6 இரட்டைத் தொகுப்புகளாக வந்த 'யூ கான்ட் டூ தட் ஆன் ஸ்டேஜ் எனிமோர்' வரிசையில் மட்டும் ஒரு விதி வைத்தார். பிற்சேர்க்கை கிடையாது, மேடையில் வாசித்தது மட்டும்தான். ஆனால் வெட்டி ஒட்டத் தடையில்லை! 'கிங் காங்' உருப்படியில் 1971-ல் தொடங்கும் பேண்ட், 11 வருடம் தாண்டி 1982 பேண்டுக்குள் போய்த் திரும்புகிறது.

இது ஏமாற்று வேலையா? தெரிந்துகொண்டு கேட்டால் இல்லை. பல வருடங்களில் வாழ்ந்த ஒரு பாட்டின் வரலாற்றை சில நிமிடங்களில் சொல்லும் வழி அது. இந்த வரிசையின் 2-ம் தொகுப்புதான் நாம் பார்த்த ஹெல்சிங்கி கச்சேரி.

குழந்தைகள் பக்கத்தில் இருக்கிறார்களா?

ஸாப்பாவிடம் குறைகளே இல்லை என்று சொல்ல முடியாது. பல பாட்டுகளின் வரிகள் பச்சையானவை. பெண்களையும் சில சமூகங்களையும் பற்றிய ஜோக்குகளில் சில, அன்றே கண்டனத்துக்கு உள்ளானவை. இன்று கேட்கும்போது நெளிய வைக்கும். எல்லோரையும்தான் கிண்டல் செய்தார் என்பது ரசிகர்கள் சொல்லும் சமாதானம். எல்லோருக்கும் ஒரே மாதிரி வலிக்காது என்பதும் உண்மைதான்.

பாட்டு வரிகளுக்கு எச்சரிக்கை லேபிள் ஒட்டும் யோசனையை எதிர்த்து 1985-ல் அமெரிக்க செனட் விசாரணைக்கே போய்ப் பேசியவர் அவர். லேபிள் வேண்டாம் என்றவரின் ஆல்பங்களுக்கு இங்கே ஒரு சின்ன லேபிள்: வீட்டில் ஸ்பீக்கரில் போடும் முன் நீங்கள் ஒருமுறை தனியாகக் கேட்டுவிடுங்கள். கீழே சொல்லும் வாத்திய இசைப் பதிவுகளை யாரோடும் கேட்கலாம்.

நீங்கள் கேட்காத பேண்ட்

1988 டூருக்கு 12 பேர் கொண்ட பேண்டை மாதக்கணக்கில் தயார் செய்தார் ஸாப்பா. ஐந்து ஊதுவாத்தியக்காரர்கள். ராவெலின் 'பொலேரோ'வை ரெக்கே சாயலில் வாசித்தார்கள். லெட் ஸெப்பலினின் 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாட்டை கார்ட்டூன் சத்தங்களோடு கிண்டலாகத் தொடங்குவார்கள். கடைசியில் ஜிம்மி பேஜின் அந்தப் புகழ்பெற்ற கிட்டார் பகுதி வரும். அதை ஐந்து ஊதுவாத்தியங்களும் ஸ்வரம் பிசகாமல் ஒரே மூச்சில் வாசிக்கும். முதலில் சிரிப்பு வருகிறது. நான்கு வரிகள் தாண்டியதும் சிரிப்பு நின்று வாய் பிளக்கிறது.

ஆனால் பேண்டுக்குள் சண்டை. ஒத்திகையைக் கண்டிப்போடு நடத்திய பாஸ் கிட்டார் கலைஞருடன் வாசிக்க மற்றவர்கள் பெரும்பாலோர் மறுத்தார்கள். ஸாப்பா மீதிக் கச்சேரிகளை ரத்து செய்தார். நஷ்டம். அமெரிக்காவின் பெரும்பகுதி அந்த பேண்டைப் பார்க்கவே இல்லை. 1991-ல் வந்த அந்த டூரின் ஆல்பத்துக்கு அவர் வைத்த தலைப்பின் பொருள், 'வாழ்நாளில் நீங்கள் கேட்டிராத மிகச்சிறந்த பேண்ட்'. சோகத்துக்கும் ஜோக்காகத்தான் பெயர் வைக்கத் தெரியும் அவருக்கு.

ஒரு ராக் பேண்டுடன் அவர் செய்த கடைசி டூர் அதுதான். 1990-ல் ப்ராஸ்டேட் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. நோயோடு போராடிய அந்த வருடங்களிலும் பழைய டேப்புகளை உட்கார்ந்து தொகுத்துக்கொண்டிருந்தார்.

1992-ல் ஜெர்மனியின் 'என்செம்பிள் மாடர்ன்' இசைக்குழு அவரது படைப்புகளை ஃபிராங்க்ஃபர்ட், பெர்லின், வியன்னா மேடைகளில் வாசித்தது. உடல் ஒத்துழைத்த நாட்களில் மட்டும் அவரும் இருந்தார். அதில் ஓர் உருப்படி, அமெரிக்காவுக்குள் நுழைபவர்கள் நிரப்பவேண்டிய குடியேற்றப் படிவத்தை வைத்து உருவானது. இத்தனை குற்றம் செய்தவரா நீங்கள் என்று படிவம் வரிசையாகக் கேட்க, அதை ஒருவர் கம்பீரமாக வாசிக்க, பின்னால் இசைக்குழு ஒவ்வொரு கேள்விக்கும் அலறுகிறது, முனகுகிறது. விசா படிவம் நிரப்பிய யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவையில்லை.

அந்த மேடைப் பதிவுகளிலிருந்து 'தி யெல்லோ ஷார்க்' 1993 நவம்பரில் வெளிவந்தது. உயிரோடு இருந்தபோது அவர் வெளியிட்ட கடைசி ஆல்பம், ஒரு லைவ் ஆல்பம். அதே வருடம் டிசம்பர் 4-ம் தேதி, 53-வது பிறந்தநாளுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், லாஸ் ஏஞ்சலிஸில் மறைந்தார். மான்ட்ரோ தீ விபத்து நடந்து சரியாக 22 வருடம்.

1984 கச்சேரிகளிலிருந்து வந்த ஓர் ஆல்பத்துக்கு 'டஸ் ஹியூமர் பிலாங் இன் மியூசிக்?' என்று பெயர் வைத்தார். இசையில் நகைச்சுவைக்கு இடம் உண்டா? அவர் மேடையில் கொடுத்த பதில் எளிது. உண்டு, ஆனால் முதலில் தாளம் சரியாக இருக்க வேண்டும்.

ஹெல்சிங்கியில் கத்திய ரசிகரை மறந்துவிடவில்லைதானே? 1984-ல் வந்த 'தெம் ஆர் அஸ்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு எது தெரியுமா? 'விப்பிங் போஸ்ட்'. தாமதமானாலும், பேண்ட் அந்தப் பாட்டைக் கற்றுக்கொண்டது. கேட்டவருக்கு அது போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்புவோம்!

எங்கிருந்து தொடங்கலாம்?

* முதல் நாள்: 'யூ கான்ட் டூ தட் ஆன் ஸ்டேஜ் எனிமோர்', 2-ம் தொகுப்பு. ஹெல்சிங்கி கச்சேரி. ஹெட்போனில் கேட்டால் கூட்டத்தின் குரல்களும் தெளிவாக விழும்.

* இரண்டாம் நாள்: 'ராக்ஸி அண்ட் எல்ஸ்வேர்'. பாட்டுகளுக்கு முன் வரும் பேச்சைத் தள்ளிவிட வேண்டாம். அது பாட்டின் முதல் பாதி.

* மூன்றாம் நாள்: 6-ம் தொகுப்பில் 'தர்ட்டீன்'. கையில் தாளம் போட்டு 13 எண்ண முடிகிறதா என்று வீட்டில் பந்தயம் கட்டலாம்.

* வார்த்தையே வேண்டாம் என்பவர்களுக்கு: 'ஷட் அப் அண்ட் பிளே யுவர் கிட்டார்' (1981). பெரும்பாலும் மேடைகளில் வாசித்த கிட்டார் தனிகளின் தொகுப்பு. 'வாயை மூடிக்கொண்டு கிட்டார் வாசி' என்று தனக்குத்தானே திட்டு வைத்துக்கொண்ட தலைப்பு!

* ஒரே பாட்டை இரண்டு வருடப் பதிவுகளில் கேளுங்கள். எது மாறியது என்று தேடுங்கள். தேடத் தொடங்கிவிட்டால் நீங்களும் ஸாப்பா ரசிகர்தான்.